55 வயதில் குணம் மாறுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 55. இரண்டு வருடங்களாக ஆளே மாறிவிட்டார். நண்பர்களைத் தேடிப் போவதில்லை. கண்ணாடியை வைத்த இடம் மறக்கிறார். காசில் கறாராக இருந்தவர், முன்பின் தெரியாதவர்களுக்குக் கடன் கொடுக்கிறார். சொந்த அண்ணனின் துக்க வீட்டில் சிரித்துப் பேசினார். இனிப்பை ஒளித்து வைத்துத் தின்கிறார். இணையத்தில் இருந்த குணப் பரிசோதனையில் 'சுயநலமி' என்று வந்தது. மருந்துக் கடையில் கேட்டு ஞாபக சக்தி மாத்திரை கொடுக்கிறேன். இத்தனை காலம் என்னிடம் நடித்தாரா?

பதில்: நடிக்கவில்லை, அம்மா. அந்தச் சந்தேகத்தை முதலில் விடுங்கள். அந்த இணையப் பரிசோதனையையும்தான்.

முப்பது வயதோடு குணம் இறுகிவிடும் என்று அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதினார். ஒரே மனிதர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் அப்படி இல்லை என்கின்றன. வயது ஏற ஏறப் பொதுவாகப் பொறுப்பு கூடும், படபடப்பு தணியும். ஆனால் அது மெல்ல நடப்பது. நட்பு வட்டம் சுருங்குவதும் கண்ணாடியைத் தேடுவதும் என்னைக் கவலைப்படுத்தவில்லை.

துக்க வீட்டுச் சிரிப்பு, கைமீறிய கடன், இனிப்பு வெறி மூன்றும் சேர்ந்து வந்திருப்பதுதான் உறுத்துகிறது. இடம் பொருள் பார்த்து நம்மை அடக்கி வைப்பது மூளையின் முன்பகுதி. அது பழுதானால் கூச்சமும் இரக்கமும் முதலில் போகும். ஞாபகம் தொடக்கத்தில் நன்றாகவே இருக்கும். மூளையின் முன்பகுதியும் பக்கப் பகுதியும் மெல்லச் சிதையும் நோயான ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா இப்படித்தான், பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தலைகாட்டும். ஞாபகம் சரியாக இருப்பதால் திமிர் என்றோ மனச்சோர்வு என்றோ வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இவருக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவுகட்ட மாட்டேன். தைராய்டு கோளாறு, பி12 குறைவு, மது, மூளைக் கட்டி, தலையில் அடிபட்டு உறைந்த ரத்தம் எதுவும் குணத்தைப் புரட்டிப் போடலாம். இவற்றில் சில குணப்படுத்தக் கூடியவை.

எனவே இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். நீங்களும் உடன் செல்ல வேண்டும்; அவரைக் கேட்டால் 'எனக்கு ஒன்றுமில்லை' என்பார், மனதார நம்பியே சொல்வார். எது எப்போது மாறியது என்று எழுதி எடுத்துப் போங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனைகளும் எழுதித் தருவார்கள். தலைவலியுடன் வாந்தி, வலிப்பு, கை கால் பலவீனம் தெரிந்தால் அவசர சிகிச்சைக்கே செல்லுங்கள்.

அந்த மாத்திரையை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? அது அல்சைமர் மறதி நோய்க்குத் தரும் டோனெபெசில் வகையாக இருந்தால், ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியாவில் பலன் தராது. சிலருக்கு நடத்தையை இன்னும் மோசமாக்கும். இனி கொடுக்க வேண்டாம், அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். வங்கிக் கணக்கில் பெரிய தொகை இருந்தால், பிள்ளைகளோடு பேசி அதற்கும் இப்போதே ஒரு வழி செய்யுங்கள்.