லாபத்தில் பாதி சரி, சம்பளம் எங்கே?

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து ஒரு பிரபல நிறுவனத்தின் ஃபிரான்சைஸ், அதாவது அதன் பெயரில் கடை நடத்தும் உரிமை, எடுக்க நினைக்கிறோம். பணத்தில் பெரும்பகுதி அவருடையது. கடையைப் பார்த்துக்கொள்வது நான். லாபம் ஆளுக்குப் பாதி. நண்பர்களுக்குள் ஒப்பந்தம் எதற்கு என்கிறார். இந்த வாரமே முன்பணம் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடுமாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். நிறுவனத்தைவிட, உங்கள் இருவருக்குள் இருக்கும் ஏற்பாடுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

காலை முதல் இரவு வரை கடையில் நிற்கப்போகும் உங்களுக்குச் சம்பளம் உண்டா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த வேலைக்கு வெளியாள் வைத்தால் என்ன கொடுப்பீர்களோ, அதைச் செலவில் எழுதிய பிறகு மிஞ்சுவதுதான் லாபம். எழுதாமல் விட்டால், வியாபாரம் மந்தமான மாதங்களில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. மாடாய் உழைத்தும் கையில் காசில்லை என்று நீங்கள் குமுறுவீர்கள். போட்ட பணம் முடங்கிக் கிடக்கிறதே என்று அவர் குமுறுவார். இரண்டுமே நியாயம், அதனால்தான் அந்தச் சண்டை லேசில் தீராது. அவர் கூடுதலாகப் போடும் பணம் கடனா, முதலீடா என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

அப்புறம் ராயல்டி, அதாவது பெயரைப் பயன்படுத்துவதற்காக நிறுவனத்துக்குத் தொடர்ந்து கட்டும் தொகை. பெரும்பாலும் அது விற்பனையின் மேல்தான், லாபத்தின் மேல் அல்ல. விற்பனை 100 என்றால் ராயல்டி 6, விளம்பர நிதி 2 என்று வைத்துக்கொள்வோம். வாடகை, சரக்கு, கூலி எல்லாம் போக 8 மிஞ்சினால், அந்த 8-உம் நிறுவனத்துக்கே போய்விடும்.

நிறுவனம் இருவரிடமும் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்கலாம். கடை பாக்கி வைத்தால் சொந்தப் பணத்திலிருந்து கட்டுகிறேன் என்ற உறுதிமொழி அது. அதில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று இருந்தால், பாக்கி முழுவதையும் உங்கள் ஒருவரிடமே வசூலிக்க முடியும். பாதிப் பங்குதான் என்று அங்கே வாதாட முடியாது. நண்பர் நடுவில் விலக நினைத்தாலும், தன் பங்கை விற்க நிறுவனத்தின் சம்மதம் தேவைப்படலாம். விலகியவர் சில காலம் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்ற தடையும் பல ஒப்பந்தங்களில் உண்டு.

அதே நிறுவனத்தின் கடையை இப்போது நடத்துபவர்களையும், மூடிவிட்டுப் போனவர்களையும் இருவரும் சேர்ந்தே போய்ப் பாருங்கள். உரிமையாளரின் சம்பளத்தைக் கழித்த பிறகு என்ன மிஞ்சியது என்று கேளுங்கள். பிறகு ஒருவர் விலகினால் பங்கின் விலையை எப்படிக் கணக்கிடுவது, கருத்து வேறுபட்டால் யார் சொல் இறுதி என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, வக்கீலிடம் காட்டுங்கள். அதற்குள் அந்த இடம் போனால் போகட்டும். எழுத மாட்டேன் என்று நண்பர் பிடிவாதம் பிடித்தால், அவரோடு இந்தத் தொழில் வேண்டாம்.