போர்டும் நல்லது, ப்ராசஸரும் நல்லது, சேர்த்தால் ஓடவில்லை

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன். தனி ஆளாகக் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைக்கிறேன். அம்மா அப்பளம் போட்டுச் சேர்த்த பணத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் இன்டெல் ஐ5-14400 ப்ராசஸரும் ஹெச்610 மதர்போர்டும் ரூ. 27,400-க்கு வாங்கினேன். மாட்டிப் பார்த்தால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. நண்பன் தன்னுடைய 12-ஆம் தலைமுறை ப்ராசஸரை அதே போர்டில் போட்டான், உடனே ஓடியது. கடையில் கேட்டால், "ரெண்டும் நல்ல சாமான், சீல் ஒடைச்சாச்சு" என்கிறார்கள். பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கிறது. வாங்கி 19 நாள் ஆகிறது. வாட்ஸ்அப் உரையாடலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வழக்கின் உயிர் அந்த வாட்ஸ்அப் உரையாடலில் இருக்கிறது. நீங்கள் எழுதியது: "அண்ணாச்சி, ஐ5 பதினாலாவது ஜென் போடணும். அதுக்குத் தோதா போர்டு நீங்களே பாத்துச் சொல்லுங்க." கடைக்காரர் பதில்: "ஹெச்610 போதும் தம்பி, கரெக்டா செட் ஆகும்." இந்த இரண்டு வரியையும் எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதீர்கள். போனை மாற்றினாலும் பழைய போனைப் பத்திரமாக வையுங்கள்.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளுக்கும் சாக்கெட் (ப்ராசஸர் போர்டில் உட்காரும் இடம்) ஒன்றுதான், எல்ஜிஏ1700. அதனால் ப்ராசஸர் அச்சாக உட்கார்ந்துவிடும். ஆனால் ஹெச்610 போர்டு 2022 தொடக்கத்தில் 12-ஆம் தலைமுறையோடு வந்தது. 14-ஆம் தலைமுறையான உங்கள் 14400 வந்தது 2024-இல். அலமாரியில் பழைய ஸ்டாக்காகக் கிடந்த போர்டில் பயாஸும் (கணினியை முதலில் எழுப்பும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) பழையதாகவே இருக்கும், புது ப்ராசஸரை அதற்கு அடையாளம் தெரியாது. சாக்கெட் சேர்ந்தால் போதாது, பயாஸும் சேர வேண்டும். போர்டு கம்பெனியின் இணையதளத்தில் எந்த ப்ராசஸருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு முதல் ஆதரவு என்ற பட்டியல் இருக்கும். உங்கள் மாடலுக்கான பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். கம்பெனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. எனவே கம்பெனியை வழக்கில் இழுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். பில்லில் 14400-க்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருக்கிறதா? இருந்தால் அந்த ப்ராசஸரில் கிராஃபிக்ஸே கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் எந்தப் போர்டிலும் படம் வராது. அப்படியென்றால் பிரச்சினையே வேறு.

சரி, சட்டத்துக்கு வருவோம். "ரெண்டும் நல்ல சாமான்தானே" என்று கடைக்காரர் கேட்பது நியாயம் போலத் தோன்றும். ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருள் உடைந்திருந்தால் மட்டும்தான் குறைபாடு என்று சொல்லவில்லை. விற்பவர் எந்த விதத்திலாவது சொன்ன தரத்துக்குப் பொருள் குறைந்தாலும் அது குறைபாடுதான். பிரிவு 2(10) அதைத்தான் சொல்கிறது. "கரெக்டா செட் ஆகும்" என்று சொல்லித்தான் விற்றார், செட் ஆகவில்லை.

அதோடு 1930-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவும் உங்களுக்குத் துணை. என்ன உபயோகத்துக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த உபயோகத்துக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். ஆனால் இன்ன பெயருள்ள பொருள்தான் வேண்டும் என்று நீங்களே குறிப்பிட்டுக் கேட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. இதைக் கவனியுங்கள்: ப்ராசஸரை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள், போர்டை அவர் தேர்ந்தெடுத்தார். எனவே உங்கள் புகார் போர்டின் மேல் மட்டும் இருக்கட்டும். ப்ராசஸருக்கும் பணம் கேட்டால் வலுவான வழக்கை நீங்களே பலவீனமாக்கிக்கொள்கிறீர்கள்.

பில்லில் அச்சடித்த வரிக்குப் பயப்பட வேண்டாம். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது, பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. திரும்ப வாங்குவதற்குப் பில்லில் காலக்கெடு குறித்திருந்தால் அதுதான் கெடு. இல்லாவிட்டால் 30 நாள். 'திரும்பப் பெறப்படமாட்டாது' என்பது காலக்கெடு ஆகாது என்றுதான் நான் வாதாடுவேன். உங்களுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. அதற்குள் உங்கள் கோரிக்கை எழுத்தில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

நோட்டீஸில் இரண்டே கோரிக்கை போதும்: கடைக்காரர் தம் பொறுப்பில் பயாஸை இலவசமாகப் புதுப்பித்து, உங்கள் ப்ராசஸரோடு ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் போர்டை மாற்றித் தரவோ அதற்கான பணத்தைத் திருப்பித் தரவோ வேண்டும். பெரும்பாலும் அரை மணி நேர வேலை இது. மனசாட்சி உள்ள கடைக்காரர் நோட்டீஸ் இல்லாமலே செய்திருப்பார். வாட்ஸ்அப்பில் ஒரு பிரதி, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் ஒரு பிரதி அனுப்புங்கள்.

நண்பனின் ப்ராசஸரை வைத்து நீங்களே பயாஸை ஏற்றிவிடலாமே என்று தோன்றும். ஏற்றலாம்தான். ஆனால் நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும், அப்புறம் பழி முழுக்க உங்கள் மேல் விழும். நோட்டீஸுக்குப் பதில் வரும்வரை தொடாதீர்கள். போர்டைக் கடைக்கு எடுத்துப் போகும் முன், நல்ல வெளிச்சத்தில் சாக்கெட்டைக் கிட்டத்தில் வீடியோ எடுங்கள். இந்தச் சாக்கெட்டில் பின்கள் போர்டின் பக்கம் இருக்கின்றன, முடி போல மெல்லியவை. ஒன்று சாய்ந்தாலும் "நீங்கதான் வளைச்சிட்டீங்க" என்ற பேச்சு வரும். ப்ராசஸரைக் கழற்றியதும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

கடைக்காரர் அசையவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. புகாருக்கு இரண்டு வருட அவகாசம் உண்டு. பொருளைப் பரிசோதிக்கத் தேவையில்லாத வழக்கு மூன்று மாதத்தில், தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிய வேண்டும் என்கிறது சட்டம்; நடைமுறையில் கூடுதலாக இழுக்கும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். முன்னதாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து பாருங்கள், பல கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடும்.

'இவர் தொழிலுக்கு வாங்கினார், நுகர்வோரே அல்ல' என்று எதிர்தரப்பு நிச்சயம் சொல்லும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று பிரிவு 2(7)-இன் விளக்கம் சொல்கிறது. ஆகவே "ஆள் வைக்காமல் நானே எடிட்டிங் செய்து குடும்பம் நடத்துகிறேன்" என்ற வரி உங்கள் புகாரின் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும்.