கார் கராஜில் கிடக்கும்போது மாற்று வாகனம் கிடைக்குமா?

கந்தளாயில் அடிபட்ட கார் 18 நாளாகக் கராஜில் கிடக்கிறது, முழுக் காப்புறுதி இருந்தும் மாற்று வாகனம் தர மறுக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். முழுக் காப்புறுதி என்றால் எல்லாம் அடக்கம் என்று நாம் நினைப்பதுதான் சிக்கல். மாற்று வாகனம் பெரும்பாலும் தனிக் கட்டணம் கட்டிச் சேர்க்கும் மேலதிகக் காப்பு. உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் அது எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முகவர் வாயால் சொன்னதை நம்பி இருக்காதீர்கள்.

இருந்தால், எத்தனை நாளுக்கு வாகனம் தருவார்கள் என்ற எண்ணிக்கையைக் கவனியுங்கள். சில பத்திரங்களில் அது விபத்தன்று தொடங்காது, கோரிக்கையை ஏற்ற பிறகுதான் எண்ணுவார்கள். கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் வரக் காத்திருக்கும் நாட்களைச் சேர்க்காமலும் விடலாம். எனக்கு விழுந்த அடி வேறு. திருகோணமலைக் கோட்டைப் பக்கம் மான் குறுக்கே பாய்ந்து பம்பரும் ரேடியேற்றரும் போய்விட்டன (நம்மூர் மான்களுக்கு வீதி ஒழுங்கு ஏது!). காப்பு 7 நாளுக்கு, கார் கைக்கு வந்ததோ ஒரு மாதம் கழித்து. மிச்ச நாளெல்லாம் ஓட்டோதான்.

சேர்விஸ், எஞ்சின் பழுதுக்கெல்லாம் பொதுவாக மாற்று வாகனம் கிடைக்காது.

சரி, அந்தக் காப்பே இல்லையென்றால்? பிழை எதிர்த்தரப்பில் என்றால், பொலிஸ் முறைப்பாட்டோடு வாடகை வாகனப் பற்றுச்சீட்டுகளையும் வைத்து அவர்களிடம் நட்டஈடு கேட்டுப் பார்க்கலாம். நிறுவனத்தின் மறுப்பை எழுத்தில் வாங்கி வையுங்கள், காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிப்பவர்) போனால் அது உதவும்.