கெவின் என்று வைக்கலாமா?

தம்பி கேட்டிருப்பது இது: "நாகர்கோவிலிலிருந்து ஸ்டுட்கார்ட் வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. மனைவிக்கு ஏழாம் மாதம். பையன் என்று டாக்டரே சொல்லிவிட்டார். கெவின் என்று வைக்கலாம் என்றிருக்கிறோம், ஜெர்மன்காரர் வாயிலும் நுழையும், எங்கள் பாட்டி வாயிலும் நுழையும். மச்சினன் சூர்யா என்றுதான் வைக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அப்புறம், இந்த ஊர் சினிமா, டிவி எல்லாம் வீட்டுக்குள் எவ்வளவு வரும் அக்கா? அதெல்லாம் தெரியாத வீட்டில் வளர்ந்தால் பிள்ளை தனித்து நின்றுவிடுமா?"

கெவின் வேண்டாம் தம்பி. நாகர்கோவிலில் வையுங்கள், லண்டனில் வையுங்கள், ஜெர்மனியில் மட்டும் வேண்டாம். நம் பக்கம் கெவினும் மெல்வினும் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இங்கே அந்தப் பெயரைச் சொன்னால் எதிரே இருப்பவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும். காரணம் ஒரு சினிமா.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கிளம்பும் குடும்பம் எட்டு வயதுப் பையனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போகுமே, அந்த அமெரிக்கப் படம். ஆங்கிலத்தில் 'ஹோம் அலோன்', அவ்வளவுதான். தலைப்பில் பையன் பெயர் கிடையாது. 1991 தொடக்கத்தில் அது ஜெர்மனிக்கு வந்தபோது, இங்கே வெளியிட்டவர்கள் 'கெவின்' என்பதைத் தலைப்பின் முதல் சொல்லாக வைத்துவிட்டார்கள். ஊர் முழுக்கச் சுவரொட்டியில் அந்தப் பெயர். அந்த வருடம் இங்கே பையன்களுக்கு வைத்த பெயர்களில் கெவின் முதலிடத்துக்குப் போனது. படம் மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. 1977 முதல் 1980 வரை இங்கிலாந்துக் கால்பந்து வீரர் கெவின் கீகன் ஹாம்பர்க் அணிக்கு ஆடி, இங்கே ஒரு தலைமுறைக்கே செல்லப்பிள்ளையாக இருந்தார். ஹாலிவுட் நடிகர் கெவின் காஸ்ட்னர் உச்சத்தில் இருந்ததும் அதே நேரம்தான். பெயர் ஏற்கனவே ஏறிக்கொண்டிருந்தது, படம் அதைத் தள்ளி உச்சியில் உட்கார வைத்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் விஷயம். ஹாலிவுட்டிலிருந்து வந்த கெவின், ஜஸ்டின், பிரெஞ்சு வாடை அடிக்கும் ஷான்தால் போன்றவை எல்லாம் 'அதிகம் படிக்காதவர்கள் வைக்கும் பெயர்' என்று முத்திரை குத்தப்பட்டன. படித்த குடும்பங்கள் தாத்தா பாட்டி பெயர்களுக்குத் திரும்பின: எம்மா, ஃப்ரீடா, பால், அன்டோன். 2009இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் பெயர்களைப் பற்றிக் கேட்டார்கள். ஷார்லட், மாக்ஸிமிலியன் என்றால் நல்ல பிள்ளை. கெவின் என்றால் வம்புக்காரன், படிப்பு ஏறாதவன். பிள்ளைகளை நேரில் பார்த்துச் சொன்னதில்லை, பெயரை மட்டும் வைத்துச் சொன்னது. "கெவின் என்பது பெயர் இல்லை, நோய்க்கான பெயர்" என்று ஒரு ஆசிரியர் எழுதிக் கொடுத்த வரி நாடு முழுக்கப் பரவி, இன்றுவரை கேலியாகப் புழங்குகிறது. 2015இல் இளைஞர்கள் அந்த ஆண்டின் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் 'ஆல்ஃபா கெவின்' என்பதும் இருந்தது. முட்டாள்களில் தலைசிறந்தவன் என்று அதற்குப் பொருள். கெவின் என்று பெயர் வைத்திருப்பவர்களை இழிவுபடுத்துகிறது என்று புகார் வந்து எடுத்துவிட்டார்கள்.

நம் ஊரில் சாதியைக் கண்டுபிடிக்க அப்பா பெயர், ஊர், குலதெய்வம் என்று சுற்றி வளைத்துக் கேட்பார்களே, இங்கே வர்க்கத்தைக் கண்டுபிடிக்க முதல் பெயர் ஒன்றே போதும். வெளியில் சொல்ல மாட்டார்கள், மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

என் அலுவலகத்தில் ஒரு கெவின் இருக்கிறான், 1991இல் பிறந்தவன். பொறியியலில் முனைவர் பட்டம். புதிதாக யாரிடமாவது கை குலுக்கும்போது பெயரைச் சொல்லிவிட்டு, எதிராளி வாய் திறக்கும் முன் "ஆமாம், தனியாகத்தான் வந்திருக்கிறேன்" என்று அவனே அந்தப் பட ஜோக்கைப் போட்டு முடித்துவிடுவான். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான், அப்புறம் வேலையைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் இதே வேலை. கோல்கீப்பர் கெவின் ட்ராப் ஜெர்மனிக்கே ஆடினார், கெவின் க்யூனெர்ட் ஆளுங்கட்சியின் பொதுச்செயலாளராகவே இருந்தார். ஆக, பெயர் ஒருவனையும் கெடுத்துவிடாது. ஆனால் தெரிந்தே அந்தச் சுமையை எதற்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும்? முகமும் நிறமும் பார்த்தே ஒரு கேள்வி கேட்கிற ஊரில் நம் பிள்ளைக்கு இன்னொரு கேள்வி வேண்டாம்.

அடுத்தது பெண்பிள்ளை என்றால் மேண்டி, சிண்டி, பெக்கியும் வேண்டாம். அவை பழைய கிழக்கு ஜெர்மனியில் ஓடிய பெயர்கள். எல்லை தாண்டிப் போக முடியாதவர்கள் மேற்கத்தியப் பாட்டிலும் படத்திலும் கேட்ட பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். மைக் என்பதைக் காதில் விழுந்தபடியே ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் எழுதி வைத்தவர்களும் உண்டு. எனக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வருவதில்லை. இங்கே சிரிக்கிறார்கள்.

சரி, மச்சினன் கதைக்கு வருவோம். சூர்யா யார் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது, அதனால் கெட்ட பெயரும் இல்லை. இந்தியா என்றால் இவர்களுக்கு ஷாருக் கான்தான். 2004இல் ஆர்டிஎல் 2 என்ற டிவி சேனல் அவர் படங்களை ஜெர்மன் பேச வைத்துப் போட ஆரம்பித்தது, இன்றும் நாற்பது தாண்டிய பெண்மணி யாராவது உங்களிடம் அவரைப் பற்றி உருகலாம். சூர்யாவில் சிக்கல் வேறு. 'ஆ'வில் முடிவதால் காகிதத்தில் பார்க்கிறவர்கள் பெண்பிள்ளை என்று நினைப்பார்கள். மருத்துவமனைக் கடிதம் எல்லாம் 'திருமதி' போட்டு வரும். சட்டப்படி தடை இல்லை. முன்பு பெயரைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும் என்று பதிவு அலுவலகங்கள் அடம்பிடித்தன. இந்திய வம்சாவளிப் பெற்றோர் ஒருவர் மகளுக்குக் கிரண் என்று வைக்கப் போய் மறுக்கப்பட்டு, அந்த வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை சென்றது. 2008 டிசம்பரில் பெற்றோர் பக்கம் தீர்ப்பு. மச்சினன் மனசும் நோக வேண்டாம் என்றால் சூர்யாவை இரண்டாவது பெயராகப் போடுங்கள், இங்கே அது சர்வசாதாரணம்.

முதல் பெயருக்கு எங்கும் அலைய வேண்டாம், உங்கள் வீட்டு வேதாகமத்தைத் திறங்கள். கடந்த சில வருடங்களாக இங்கே பையன்கள் பட்டியலின் உச்சியில் இருப்பது நோவா. எலியாஸ், லூகாஸ், யோனாஸ், யாகோப் எல்லாமே மேலேதான் இருக்கின்றன. ஜெர்மன்காரர்கள் சொல்கிற யோனாஸ், யாகோப் ஆங்கிலத்தைவிட நம் யோனாவுக்கும் யாக்கோபுக்கும்தான் பக்கம். பாட்டிக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்.

டிவி, சினிமா வீட்டுக்குள் வருமா என்றால், வரும், நீங்கள் கூப்பிடாவிட்டாலும் வரும். மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் டிவி பெட்டி இல்லாத வீட்டுக்கும் உண்டு, கட்டுகிற காசுக்குப் பாருங்கள். பிள்ளை கீட்டா என்கிற மழலையர் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்ததும் 'ஆரஞ்சு எலி' கேட்கும். 1971 முதல் ஞாயிறு காலையில் ஓடுகிற நிகழ்ச்சி அது. பற்பசைக் குழாய்க்குள் கோடு எப்படி வருகிறது, விமானம் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பொறுமையாகக் காட்டுவார்கள். தொடக்கத்தில் இன்றைக்கு என்னென்ன என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு, அதையே வேறொரு மொழியில் திரும்பச் சொல்வார்கள். துருக்கி, இத்தாலி என்று வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பழக்கம். எனக்கு ஜெர்மன் பழகியதில் பாதி இந்த எலியிடம்தான். பெரியவள் சோபாவில், நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு.

படுக்கப் போகும் முன் ஸாண்ட்மென்ஷன், கண்ணில் மணல் தூவித் தூங்க வைக்கும் குட்டித் தாடிக்காரர். 1959இல் கிழக்கு ஜெர்மனியில் தொடங்கி, நாடே இல்லாமல் போன பிறகும் ஓடுகிற அபூர்வம். ஆனால் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று ஒலி நாடகம். நம் ஊரில் வானொலி நாடகத்தோடு போன விஷயம் இங்கே பிள்ளைகளின் அறையில் உயிரோடு இருக்கிறது. மூன்று பையன்கள் துப்பறியும் தொடர் ஒன்று 1979 முதல் வருகிறது. மூலக்கதை அமெரிக்காவுடையது, அங்கே எப்போதோ நின்றுவிட்டது, இங்கே நிற்கவில்லை. நாற்பது வயது ஆண்கள்கூட அதைப் போட்டுவிட்டுத்தான் தூங்குகிறார்கள். என் இளையவனுக்கும் அது ஓடாமல் கண் மூடாது.

பெரியவர்களுக்கு ஞாயிறு இரவு 8:15. துப்பறியும் தொடர் டாட்டோர்ட், 1970 முதல். அந்த நேரத்தில் ஜெர்மன் நண்பருக்குப் போன் போடாதீர்கள். திங்கட்கிழமை காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கொலையாளியைப் பற்றித்தான் பேச்சு. டிசம்பர் 31 அன்று 'டின்னர் ஃபார் ஒன்'. 1963இல் ஹாம்பர்க்கில் எடுத்த பதினெட்டு நிமிடக் கருப்பு வெள்ளை நகைச்சுவை, நாடகம் ஆங்கிலத்திலேயே. பாட்டி ஒருத்தி, பரிமாறும் வேலைக்காரர் ஒருத்தர், தரையில் புலித்தோல். அவர் அந்தப் புலித்தலையில் எத்தனை முறை தடுக்குகிறார் என்று எண்ணிக்கொண்டே வீடே பார்க்கும். முதல் தடவை எனக்குச் சிரிப்பே வரவில்லை. இப்போது சோறு வடிக்கிற இடத்திலிருந்து வசனத்தை முன்கூட்டிச் சொல்கிறேன், பிள்ளைகள் "அம்மா, சும்மா இரு" என்கிறார்கள்.

பிள்ளை தனித்து நிற்காமல் இருக்க இவ்வளவு போதும். பக்கத்தில் நம் படங்களையும் போடுங்கள், ஒன்றை ஒன்று விரட்டாது.

பெயரை முடிவு செய்ய அவசரமும் இல்லை. பிறப்பை ஒரு வாரத்துக்குள் பதிய வேண்டும், அதை மருத்துவமனையே தெரிவித்துவிடும். பெயரை ஒரு மாதம் வரை யோசிக்கலாம். குடும்பப் பெயரில் உங்கள் அப்பா பெயர், மனைவியின் அப்பா பெயர் என்று ஒரு குழப்பம் வரும், பெயர்ச் சட்டம் 2025 மே மாதத்தில் மாறியிருக்கிறது, அதற்குப் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே நேரம் வாங்கிக் கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட் இரண்டையும், திருமணச் சான்றிதழின் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் கையோடு கொண்டு போங்கள். மொழிபெயர்ப்பு இங்கே பதிவு பெற்றவர் செய்ததாக இருக்க வேண்டும், ஊரில் நோட்டரி போட்டதை ஏற்க மாட்டார்கள்.