டைமிங் பெல்ட் மட்டும் போதுமா, முழு கிட்டையும் மாற்ற வேண்டுமா?

கிட்டாகவே மாற்றுங்கள், அதாவது பெல்ட்டோடு டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை) எல்லாம் சேர்த்து. எஞ்சினின் கிராங்கையும் வால்வுகளை இயக்கும் கேமையும் இணைத்து ஓட்டும் இந்த பெல்ட்டின் விலை குறைவு. பில்லில் பெரும்பகுதி கூலிதான். எஞ்சின் மவுண்ட், கிராங்க் புல்லி, கவர் எல்லாம் கழற்றினால்தான் பல வண்டிகளில் பெல்ட்டே கைக்கு எட்டும். பழைய டென்ஷனர் பேரிங் பிறகு இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும், அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். அந்த பெல்ட்டிலேயே ஓடும் வாட்டர் பம்ப் என்றால் அதற்கும் இதே கணக்குதான். கழற்றிய ஐட்லரை விரலால் சுற்றிப் பாருங்கள், தேய்ந்திருந்தால் கரகரப்பு கையிலேயே தெரியும்.

மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்பேனரால் கிராங்கை ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்றி, கிராங்க், கேம் சக்கரங்களின் டைமிங் குறிகள் திரும்பச் சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெல்ட் ஒரு பல் தள்ளியிருந்தாலே எஞ்சின் தடுமாறும். கூடுதலாகத் தள்ளினால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும்.