லெஃப்ட் ஜொயின் போட்டும் வராதவர்களின் பெயர் விடுபடுவது ஏன்?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்ட ஒபிஸில் வேலை செய்கிறேன். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் 'தொழிலாளர்', 'கொழுந்து' என்று இரண்டு டேபிள்கள். ஒரு நாள் பட்டியல் எடுத்தால் அன்று கொழுந்து எடுக்காதவர்களின் பெயரும் வரவேண்டும். முதல் டேபிளின் எல்லா வரிகளையும் வைத்துக்கொண்டு மற்றதை இணைக்கும் லெஃப்ட் ஜொயின் போட்டும் வரவில்லை. என்ன பிழை?

பதில்: ஜொயின் சரியாகத்தான் இருக்கும். திகதியை எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அநேகமாக, இணைத்த வரிகளை வடிகட்டும் 'வெயார்' பகுதியில் இருக்கும்.

மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். 12ஆம் திகதி 101ஆம் இலக்கக்காரர் காலையில் 9 கிலோ, பின்னேரம் 9 கிலோ நிறுத்திருக்கிறார். 102க்கு 11ஆம் திகதி பதிவு மட்டும்தான் உண்டு. 103 புதிதாகப் பேர் பதிந்தவர். கொழுந்து டேபிளில் அவர் இன்னும் இல்லை. இலக்கத்தை மட்டும் வைத்து லெஃப்ட் ஜொயின் செய்தால் 101க்கு இரண்டு வரி, 102க்கு 11ஆம் திகதி வரி, 103க்கு எடையும் திகதியும் வெற்றாக (நல்) ஒரு வரி வரும். இதுவரை ஒருவரும் விடுபடவில்லை. அதற்குப் பிறகுதான் 'வெயார்' வேலை செய்கிறது. 102இன் திகதி பொருந்தாது, போய்விடும். 103இன் திகதி வெற்று. வெற்றை '=' போட்டு எதோடு ஒப்பிட்டாலும் 'ஆம்' என்ற விடை வராது, அதுவும் போய்விடும். மிஞ்சுவது 101 மட்டும். இரண்டு பக்கமும் பொருந்தும் வரிகளை மட்டும் தரும் சாதாரண ஜொயினும் இதைத்தான் தந்திருக்கும்.

'அல்லது திகதி வெற்றாக இருந்தால்' என்று வெயாரில் சேர்த்துப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். 103 திரும்பி வருவார், 102 வரமாட்டார். அரைகுறையாகச் சரியான பட்டியலை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அதுதான் தொல்லை.

திகதி நிபந்தனையை, டேபிள்களை எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் 'ஒன்' பகுதிக்குக் கொண்டுபோங்கள்:

தொழிலாளர் லெஃப்ட் ஜொயின் கொழுந்து
ஒன் தொழிலாளர்.இலக்கம் = கொழுந்து.இலக்கம்
அண்ட் கொழுந்து.திகதி = 12ஆம் திகதி

இப்போது 102, 103 இருவரும் வெற்று எடையோடு வருவார்கள். ஆனால் டிவிசன் (தோட்டப் பிரிவு) போல இடப்பக்க டேபிளுக்குரிய நிபந்தனை வெயாரிலேயே இருக்கட்டும். அதையும் ஒன்னில் போட்டால் மற்ற டிவிசன் ஆட்களெல்லாம் வராதவர்கள் மாதிரி வந்து நிற்பார்கள்.

ஆளுக்கு ஒரு வரி வேண்டுமென்றால் 'குரூப் பை' போட்டு எடையைக் கூட்டுங்கள். வெற்றைப் பூச்சியமாக்க 'கோலெஸ்' இருக்கிறது. நானென்றால் ஆட்களின் நாள் வேலையைப் பதியும் செக்ரோல் பட்டியலில் அதைப் போடமாட்டேன். கொழுந்துப் பதிவு இல்லாதவர் அன்று புல்லு வெட்டப் போயிருக்கலாம், அவருக்கும் பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) விழவேண்டும். பூச்சியத்தைப் பார்த்தால் மலைக்குப் போயும் ஒன்றும் எடுக்காதவர் என்றல்லவா தோன்றும்?

அப்புறம், இலக்கம் பிழையாக அடித்ததால் ஆளில்லாமல் நிற்கும் எடைகளையும் பிடிக்கப் பார்ப்பீர்கள். அதற்கு வேண்டிய, இரண்டு பக்கத்திலும் ஜோடியில்லாத வரிகளையும் தரும் ஃபுல் அவுட்டர் ஜொயின் மைஎஸ்கியூஎல்லில் இல்லை. லெஃப்ட், அதன் மறுபக்கமான ரைட் இரண்டையும் எழுதி, விடைகளை ஒன்றாக அடுக்கும் 'யூனியன்' போடச் சொல்வார்கள். இலக்கம், திகதி, எடை மட்டும் எடுத்து அப்படிச் செய்தால் 101இன் இரண்டு 9 கிலோவும் அச்சு அசலாக ஒரே வரியாகத் தெரியும். யூனியன் ஒன்றைத் தூக்கிவிடும், 18 கிலோ 9 ஆகிவிடும். ஒரே மாதிரி வரிகளை நீக்காத 'யூனியன் ஆல்' போட்டு, ரைட் ஜொயின் பகுதியில் மட்டும் தொழிலாளர்.இலக்கம் வெற்றாக இருக்கும் வரிகளை வெயாரில் வடிகட்டி எடுங்கள்.