வீணை கேள்வி-பதில்: கேமராவில் விரல் தெரியட்டும்

பாட்டி விட்டுச்சென்ற வீணையில், இணையக் காணொளிகளைப் பார்த்து எட்டு மாதமாகப் பழகுகிறேன். தொடக்கப் பயிற்சிகளான சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் முடிந்துவிட்டன. தந்திக்கு அடியில் குறுக்காக இருக்கும் மெட்டுகளில் விரல் தவறாமல்தான் வாசிக்கிறேன். ஆனாலும் வீணை போலவே கேட்கவில்லை. இணையத்தில் வீணை கற்க முடியாதா?
– வாசகி, ஓசூர்

முடியும். 2020இல் வகுப்புகள் கணினிக்கு மாறியபோது முடியாது என்றுதான் நானும் நினைத்தேன். இன்று என் மாணவிகளில் பாதிப்பேர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துதான் கற்கிறார்கள். ஆனால் காணொளி வேறு, இணைய வகுப்பு வேறு. காணொளி உங்களுக்கு வாசித்துக் காட்டும். நீங்கள் வாசிப்பதைக் கேட்டுத் திருத்தாது.

முதலில் வீணையைக் கவனியுங்கள். எத்தனை ஆண்டுகள் உறைக்குள் கிடந்ததோ! அதன் 24 மெட்டுகளும் தேன்மெழுகில் கரி கலந்து செய்த மெழுகின்மேல் பதிந்திருக்கின்றன. வெயில் பட்டால் மெழுகு இளகும், நாள்பட்டால் வெடிக்கும். ஒரு மெட்டு இம்மியளவு நகர்ந்தாலும் ஸ்வரம் பிசகிவிடும். மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சரியான இடத்தில் பதிக்கத் தெரிந்த ஒருவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அவர் மெழுகை இளக்கி, தந்தியை மீட்டிப் பார்த்து, காதால் கேட்டுக் கேட்டே ஒவ்வொரு மெட்டையும் அதன் இடத்தில் உட்கார வைப்பார். கூடவே இருந்து பாருங்கள். எந்த இணைய ஆசிரியையும் செய்துதர முடியாத வேலை அது.

அடுத்தது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது. தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வரங்களை எழுதிவைத்த நோட்டில் 'க' என்ற ஓர் எழுத்துதான் இருக்கும். வாசிக்கும்போது அது முந்தைய ஸ்வரமான ரிஷபத்துக்கும் அடுத்த ஸ்வரமான மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கிறது. மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் அந்த அசைவைக் கொண்டுவர வேண்டும். எவ்வளவு இழுப்பது, எங்கே விடுவது என்பதை எந்த நோட்டும் சொல்லாது. அதனால் என் வகுப்பில் யாரும் பாடாமல் வாசிக்கக் கூடாது. குரலில் வராத அசைவு விரலில் வருவதில்லை.

வாரம் ஒரு முறையாவது நேரலையில் கேட்டுத் திருத்தும் ஆசிரியர் ஒருவரைத் தேடுங்கள். கேமராவில் உங்கள் முகம் தெரிய வேண்டியதில்லை; இடது கை விரல்களும் மெட்டுகளும் தெரிந்தால் போதும். இருவரும் சேர்ந்து வாசிக்க முயலாதீர்கள். ஒலி தாமதமாக வந்து சேர்வதால் தாளம் கலைந்துபோகும். அவர் வாசித்து நிறுத்தியபின் நீங்கள் வாசியுங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மஸ்கட்டில் உள்ள ஒரு மாணவி மீட்டினால், நாதம் உடனே அறுந்துபோவதாக எனக்குக் கேட்டது. தந்தியைச் சரியாக அழுத்தவில்லை என்று மூன்று வாரம் கடிந்துகொண்டேன். பிறகு அவர் கைப்பேசியில் பதிவுசெய்து அனுப்பியதைக் கேட்டால், கார்வை, அதாவது மீட்டிய பின் ஒலிக்கும் நாதம், நீண்டு அழகாக நின்றது! இரைச்சலைக் குறைப்பதற்காகச் செயலியில் இருக்கும் வசதி, தேய்ந்து செல்லும் நாதத்தையும் தம்புராவின் சுருதியையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டியிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பு தொடங்குமுன் அந்த வசதியை இரு பக்கமும் நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் இடம் குறைவு. மின்னணு வீணை வாங்கலாமா?
– வாசகர், மதுரை

பயணத்துக்கு வாங்கலாம், முதல் வீணையாக வேண்டாம். பலா மரத்தில் குடைந்த குடம் அதிரும்போது, இடது தொடையில் சாய்ந்திருக்கும் சுரைக்காயிலும் அந்த அதிர்வு தெரியும். மீட்டு சரியாக விழுந்ததா என்பதைத் தொடக்கத்தில் காதோடு தொடையும் சொல்லும்.

நம் மரபு ஆயிற்றே என்று 13 வயது மகளை இணைய வீணை வகுப்பில் சேர்த்தேன். நோட்டைப் பார்த்து வாசித்துவிட்டு எழுந்துவிடுகிறாள். மரபின் அருமையை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், டொராண்டோ

புரியவைக்க முயல வேண்டாம் ஐயா. கேட்க விடுங்கள். 1600 முதல் 1634 வரை தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் 24 மெட்டுகள் அசையாமல் நிலைபெற்றன என்பதையும், அதனால் ஒரே வீணையில் எல்லா ராகமும் வாசிக்க முடிந்தது என்பதையும் ஒருநாள் சொல்லுங்கள். அதற்குமேல் பாடம் எடுக்காதீர்கள்.

பிறகு வீணை தனம்மாளை (1867–1938) கேட்க வையுங்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிப்பார். பெரிய வித்வான்களும் வந்து மௌனமாக உட்கார்ந்து கேட்பார்கள். அவருடைய பழைய இசைத்தட்டுப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. தட்டின் கரகரப்பு இருக்கும், இருக்கட்டும். அந்தச் சிறிய நாதத்துக்காகக் காதைக் கூர்மையாக்கும்போதே குழந்தை நோட்டை மறந்துவிடுவாள். இன்னொரு நாள் எஸ். பாலசந்தரின் வீணையைக் கேட்கட்டும். ஒரே வாத்தியம் இருவர் கையில் எப்படி இரண்டு விதமாகப் பேசுகிறது என்று அவளே கேட்பாள். வீட்டின் அடுத்த அறையில் குருவின் வாசிப்பு காதில் விழுந்துகொண்டே இருந்ததுதான் குருகுலத்தின் பெரும் பாடம். டொராண்டோவில் இருக்கும் குழந்தைக்கு இணையம் அந்த அடுத்த அறையாகட்டும்.

அந்தத் தட்டுகளில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். இந்த வாரம் ஒரே ஒரு பக்கத்தைத் தினமும் கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் வரியை வாயால் பாடிய பிறகு வீணையைத் தொடட்டும். எந்தெந்த மெட்டில் தந்தியை இழுத்தாள் என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.